ஃப்ளைட் 1 மணி நேரம், பயணம் 10 மணி நேரம்: திருவண்ணாமலைக்கு எந்த வழி உங்க பர்ஸுக்கு நல்லது?

2025-ல் கார்த்திகை தீபம் டிசம்பர் 3, புதன்கிழமை வந்தது. சாயங்காலம் 6 மணிக்கு மலை உச்சியில் மகா தீபம் ஏற்றும்போது ஊரில் இருக்கணும்னு, வெளியூரில் வேலை பார்க்கிற திருவண்ணாமலைக்காரங்க எல்லாரும் டிக்கெட் தேடுவீங்க. தேடினதும் முதலில் கண்ணில் படுறது ரெண்டு எண்கள்தான். ஒன்று தூரம், இன்னொன்று ஃப்ளைட் நேரம். "பெங்களூரு – சென்னை, 1 மணி நேரம்"னு பார்த்ததும், அட, ஃப்ளைட்டிலேயே போயிடலாமேன்னு தோணும்.

அந்த ரெண்டு எண்களை மட்டும் வெச்சு டிக்கெட் போட்டா பணமும் போகும், லீவும் போகும். எந்த தூரத்தை, எந்த நேரத்தை எடுத்துக் கணக்கு போடணும்னு இந்தப் பதிவில் பார்ப்போம். அதே தூரமும் நேரமும் ஃப்ளைட் ரத்தானால் வர்ற இழப்பீட்டையும் எல்டிஏ வரிச் சலுகையையும் எப்படித் தீர்மானிக்குதுன்னும் கடைசியில் சொல்றேன். அதனால முழுசா படிச்சிடுங்க.

தூரம் ஒண்ணு இல்ல, மூணு

திருவண்ணாமலையில் விமான நிலையம் கிடையாது. அப்போ சென்னை விமான நிலையம் எவ்வளவு தூரம்? வரைபடத்தில் நேர்க்கோடு போட்டா 150 கிலோமீட்டர் கூட வராது. ஆனா சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியா சாலையில் வந்தா சுமார் 190 கிலோமீட்டர். ரயிலில் வந்தா 220-ஐத் தாண்டும்.

ரயிலில் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? நம்ம ஸ்டேஷன் விழுப்புரம் – காட்பாடி பாதையில் இருக்கு. சென்னையிலிருந்து ரயில் காட்பாடியைச் சுத்தி வரணும், இல்லைன்னா விழுப்புரத்தைச் சுத்தி வரணும். திண்டிவனத்திலிருந்து நேரா திருவண்ணாமலைக்குப் பாதை போடுற திட்டம் ரொம்ப வருஷமா முடியாமலே கிடக்கு. 2024 மே மாதம் சென்னை கடற்கரை – வேலூர் கண்டோன்மென்ட் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டிச்சாங்க. அப்போ டிக்கெட் 50 ரூபாய்தான். ஆனா போய்ச் சேர சுமார் 6 மணி நேரம். பணத்தை மிச்சம் பிடிக்க இதைவிடக் குறைஞ்ச வழி இல்ல. நேரத்தை மிச்சம் பிடிக்க இது வழியே இல்ல.

இணையத்தில் "ரெண்டு ஊருக்கு இடையே தூரம்"னு வர்றது பல நேரம் நேர்க்கோட்டு தூரம்தான். அது பறவைக்குச் சரி. நாம சாலை தூரத்தைத்தான் எடுத்துக்கணும்.

ஃப்ளைட் நேரத்தில் எதெல்லாம் சேரும்?

டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு பிளாக் டைம்னு பேரு. விமானம் நிறுத்தின இடத்திலிருந்து நகர ஆரம்பிச்சதிலிருந்து, இறங்கின ஊரில் நிறுத்துமிடத்தில் போய் நிற்கிற வரைக்கும் உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, வரிசையில் காத்திருக்கிறது, மேலே ஏறுறது, வட்டமடிச்சு இறங்குறது எல்லாம் இதில் அடக்கம்.

சென்னை – பெங்களூரு வான்வழி தூரம் சுமார் 270 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானம் முழு வேகத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்தக் கணக்குப்படி 20 நிமிஷம் போதும். ஆனா டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் போட்டிருப்பாங்க. சென்னை – ஹைதராபாத் சுமார் 510 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரம். நேரமோ கால் மணி நேரம்தான் கூடுது. சென்னை – டெல்லி சுமார் 1,750 கிலோமீட்டர், மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதை ஆடிட்டர் கண்ணால் பாருங்க. விமானப் பயணத்தில் ஒரு ஃபிக்ஸட் காஸ்ட் இருக்கு. ஏர்போர்ட் போறது, சீக்கிரமே போய்க் காத்திருக்கிறது, செக்யூரிட்டி, ஏறுறது, இறங்குறது, பெட்டிக்கு நிற்கிறது, வெளியே வந்து வண்டி பிடிக்கிறது. தூரம் 270 ஆனாலும் 1,750 ஆனாலும் இது மாறாது. தூரத்துக்கு ஏத்த மாதிரி ஏறுற வேரியபிள் காஸ்ட், 70 கிலோமீட்டருக்கு வெறும் 5 நிமிஷம்தான். அதனாலதான் தூரம் கூடக் கூட ஃப்ளைட் லாபம். கிட்டத்தில் இருக்கிற ஊருக்கு ஃபிக்ஸட் காஸ்ட்டே நம்மைச் சாப்பிட்டுடும்.

முதலில் உங்க ஒரு மணி நேரத்துக்கு விலை போடுங்க

கையில் வர்ற சம்பளம் 50,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசம் 22 வேலை நாள், தினம் 9 மணி நேரம், மொத்தம் கிட்டத்தட்ட 200 மணி நேரம். அப்போ உங்க ஒரு மணி நேரத்தோட விலை 250 ரூபாய். உங்க சம்பளத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்க.

இனி சூத்திரம் ரொம்ப எளிமை:

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை மிச்சமாகிற மணி நேரம் × உங்க மணி நேர விலை = வேகமான வழிக்கு நீங்க கூடுதலாகக் கொடுக்கலாம்னு இருக்கிற உச்சவரம்பு.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, ராத்திரிப் பயணத்தில் தூங்குற நேரத்தைக் கழிச்சிடுங்க. எப்படியும் தூங்கத்தான் போறீங்க. ரெண்டாவது, மிச்சமாகிற நேரம் வேலை நாளில் வந்தா, "மணி நேரமும் மிச்சம், லாஸ் ஆஃப் பே-யும் மிச்சம்"னு ரெண்டு தடவை கூட்டாதீங்க. ரெண்டும் ஒரே பணம்தான்.

பெங்களூருக்காரங்களுக்கு: ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பாதீங்க

எலக்ட்ரானிக் சிட்டியில் தங்கியிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். சென்னை வழியா ஃப்ளைட்டில் வந்தா, என் கணக்கு இது:

- வீட்டிலிருந்து தேவனஹள்ளி ஏர்போர்ட்: 2 மணி நேரம்
- முன்கூட்டியே போய்க் காத்திருப்பது: 1½ மணி நேரம்
- ஃப்ளைட்: 1 மணி நேரம்
- இறங்கி வெளியே வர: ½ மணி நேரம்
- ஏர்போர்ட்டிலிருந்து கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிக்க: 1 மணி நேரம்
- கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை: 4 மணி நேரம்

மொத்தம் 10 மணி நேரம். ஃப்ளைட் அதில் பத்தில் ஒரு பங்கு.

இப்போ அதே எலக்ட்ரானிக் சிட்டியில் ஓசூர் ரோட்டில் பஸ் ஏறுங்க. ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை. பெங்களூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்து 5½ மணி நேரம்னு வெச்சுக்கலாம்.

பணக் கணக்கு, உதாரணத்துக்கு: பஸ்ஸுக்கு 350 ரூபாய். ஃப்ளைட் டிக்கெட் 3,200, ஏர்போர்ட் டாக்ஸி 1,200, சென்னையிலிருந்து பஸ்ஸும் மத்ததும் 300, ஆக 4,700. 4,350 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 4½ மணி நேரம் லேட்டா வர்றீங்க. ஒவ்வொரு மணி நேரத்தையும் தொலைக்கிறதுக்கு 970 ரூபாய் மாதிரி கொடுக்கிறீங்க!

சென்னை, பெங்களூரு, திருவண்ணாமலை மூணையும் வரைபடத்தில் பாருங்க. முக்கோணம் மாதிரி. நம்ம ஊர் ரெண்டு நகரத்துக்கும் கிட்டத்தட்ட சம தூரத்தில் தெற்கே இருக்கு. பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பறக்கிறது, ஊருக்கு வடக்கே தாண்டிப் போய்ட்டு மறுபடி திரும்பி வர்ற கதை.

சென்னை – பெங்களூரு நகரத்துக்கு நகரம் போறவங்களுக்கே ஃப்ளைட்டில் பெரிய மிச்சம் இல்ல. 2022 நவம்பர் 11 முதல் ஓடுற சென்னை – மைசூரு வந்தே பாரத், பெங்களூருக்கு நாலரை மணி நேரத்துக்குள் போயிடுது. ரெண்டு பக்கமும் ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கு. வாசலிலிருந்து வாசலுக்கு எண்ணினா ரெண்டும் ஆறு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும்.

ஹைதராபாத்காரங்களுக்கு: நீளமான ஃப்ளைட், சின்னப் பயணம்

இங்கேதான் சுவாரசியம். 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ புதுச்சேரிக்கு பெங்களூரு, ஹைதராபாத் ரெண்டு ஊரிலிருந்தும் பறக்குது. அது ஏடிஆர் விமானம், விசிறி வெச்சது, வேகம் குறைவு. ஹைதராபாத் – சென்னை ஒண்ணேகால் மணி நேரம்னா, ஹைதராபாத் – புதுச்சேரி ஒண்ணே முக்காலை ஒட்டி வரும். ஃப்ளைட் நேரத்தை மட்டும் பார்க்கிறவர் சென்னையைத் தேர்ந்தெடுப்பார்.

ஆனா புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை சுமார் 105 கிலோமீட்டர்தான். விமானம் கிளம்பினதிலிருந்து எண்ணுங்க. சென்னை வழி: ஃப்ளைட் 1¼, வெளியே வர ½, கிளாம்பாக்கமும் பஸ்ஸும் 5. மொத்தம் 6¾ மணி நேரம். புதுச்சேரி வழி: ஃப்ளைட் 1¾, சின்ன ஏர்போர்ட் என்பதால் வெளியே வர ¼, பஸ் ஸ்டாண்ட் ½, பஸ் 2¾. மொத்தம் 5¼ மணி நேரம். ஒன்றரை மணி நேரம் மிச்சம். 250 ரூபாய் கணக்கில் இது 375 ரூபாய். புதுச்சேரி டிக்கெட்டுக்கு அதுவரை கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்ல.

ஒரு விஷயம் கவனிங்க. புதுச்சேரிக்கு விமானங்கள் ரொம்பக் குறைவு. அது ரத்தானால் அடுத்தது உடனே இருக்காது. தீபத்தன்னிக்கு மத்தியானம் இறங்குற மாதிரி போடாதீங்க, முந்தின நாளே வந்துடுங்க. பெங்களூருக்காரங்க இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். தேவனஹள்ளி போய்ப் பறந்து வர்றதுக்குள்ள நேர் பஸ் ஊர் சேர்ந்துடும்.

மும்பை, டெல்லி: பறங்க, ஆனா விலைக்கு ஒரு எல்லை வைங்க

மும்பை – சென்னை ஃப்ளைட் சுமார் 2 மணி நேரம். வாசலிலிருந்து வாசலுக்கு 11 மணி நேரம்னு எடுத்துக்குங்க. ரயிலில் சென்னை வந்து பஸ் பிடிச்சா சுமார் 30 மணி நேரம். 19 மணி நேரம் மிச்சம். அதில் தூக்கம் 7 கழிச்சா 12. பெருக்கினா 3,000 ரூபாய். அதாவது எல்லாச் செலவும் சேர்த்து ஃப்ளைட் வழி ரயில் வழியைவிட 3,000 ரூபாய் வரை கூடுதலா இருந்தா யோசிக்காமப் போடுங்க. தீப சமயத்தில் அந்த வித்தியாசம் 6,000-ஐத் தாண்டினா, தேதியை ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்க. டெல்லிக்காரங்களுக்கு இவ்வளவு யோசனையே வேண்டாம், ஃப்ளைட்தான்.

ரெண்டு ஊர்க்காரங்களும் சென்னையில் இறங்குங்க. பெங்களூரு டிக்கெட் கொஞ்சம் மலிவா இருந்தாலும், தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே இருக்கு. மொத்த பெங்களூரையும் குறுக்கே கடந்துதான் ஓசூர் ரோட்டைத் தொடணும். சென்னை ஏர்போர்ட் நகரத்தின் தென்பக்கம் ஜிஎஸ்டி ரோட்டிலேயே இருக்கு, நம்ம ஊர் வழியிலேயே.

எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். தீபத்தன்னிக்கு வண்டிகளை ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டுகளிலேயே நிறுத்திடுவாங்க. கடைசி சில கிலோமீட்டர் நடைதான். ஃப்ளைட்டில் வந்தவருக்கும் 50 ரூபாய் ரயிலில் வந்தவருக்கும் அந்த நடை ஒண்ணுதான்.

அப்புறம், "ஏர்போர்ட் லவுஞ்சில் கார்டு தேய்ச்சா 2 ரூபாய்க்கு சாப்பாடு"ன்னு ஒரு மணி நேரம் சீக்கிரமே போறவங்களுக்கு: அந்தச் சாப்பாட்டோட விலை 252 ரூபாய்.

ஃப்ளைட் ரத்தானால்: பிளாக் டைம்தான் உங்க இழப்பீடு

இது நிறையப் பேருக்குத் தெரியாது. விமானம் ரத்தாகுதுன்னு முறைப்படி முன்கூட்டியே சொல்லாம விட்டா, டிஜிசிஏ விதிப்படி பணத்தைத் திருப்பித் தர்றது அல்லது மாற்று விமானம் தர்றதோட, இழப்பீடும் தரணும். எவ்வளவு? பிளாக் டைமைப் பொறுத்தது:

- 1 மணி நேரம் வரை: 5,000 ரூபாய்
- 1 முதல் 2 மணி நேரம் வரை: 7,500 ரூபாய்
- 2 மணி நேரத்துக்கு மேல்: 10,000 ரூபாய்

இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, ரெண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 2,800 ரூபாய் டிக்கெட்டுக்கு 7,500 கிடைச்சுடும்னு நினைக்காதீங்க. புயல் மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணத்துக்கு இழப்பீடு கிடையாது. டிசம்பர் நமக்கு மழைக்காலம் என்பதை மறக்காதீங்க.

முக்கியமா, டிக்கெட் போடும்போது உங்க சொந்த மொபைல் நம்பரையும் ஈமெயிலையும் கொடுங்க. சரியான தொடர்பு விவரம் கொடுக்காதவருக்கு இழப்பீடு இல்லைன்னு விதியே சொல்லுது. ஏஜென்ட் நம்பரைப் போட்டா தகவல் அவருக்குத்தான் போகும்.

நீங்களே பயணத்தை ரத்து செஞ்சா? மலிவு டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் மொத்தமும் போகலாம். ஆனா அரசு வரிகளும் விமான நிலையப் பயனர் கட்டணமும் திரும்ப வரணும். ஏறாமலே விட்டாலும் அது உங்க பணம். கேட்டு வாங்குங்க.

எல்டிஏ: இந்தப் பயணத்துக்கு கிளெய்ம் பண்ணலாமா?

முதல் கேள்வி, நீங்க எந்த வரி முறையில் இருக்கீங்க? புதிய முறையில் எல்டிஏ விலக்கு கிடையாது. 2025-26 நிதியாண்டில் சம்பளம் 12.75 லட்சம் வரை இருந்தா புதிய முறையில் வரியே வராது. பஸ் டிக்கெட்டைக் காட்டுறதுக்காகப் பழைய முறைக்குத் தாவாதீங்க.

பழைய முறையில் இருக்கிறவங்களுக்கு: 2026 மார்ச் 31 வரை 1961 சட்டத்தின் பிரிவு 10(5), விதி 2பி. லீவ் போட்டு இந்தியாவுக்குள் எங்கே போனாலும் பயணக் கட்டணத்துக்கு மட்டும் விலக்கு. ஹோட்டல், சாப்பாடு சேராது. சொந்த ஊருக்குப் போறதும் பயணம்தான். உங்களை நம்பி இருக்கிற அப்பா, அம்மா கூட வந்தா அவங்க டிக்கெட்டும் சேரும்.

இங்கேயும் தூரம்தான் உச்சவரம்பை முடிவு பண்ணுது. விமானத்தில் போனா, குறுகிய வழியில் எகானமி கட்டணம் வரை. ரயில் வசதி உள்ள ஊருக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ போனா, குறுகிய வழியில் முதல் வகுப்பு ஏசி ரயில் கட்டணம் வரை. அதற்குள் நீங்க உண்மையில் செலவு பண்ணது எவ்வளவோ அவ்வளவு. மும்பையிலிருந்து கோவா போய்ச் சுத்திட்டு திருவண்ணாமலை வந்தாலும், கணக்கில் வர்றது மும்பை – திருவண்ணாமலை குறுகிய வழி மட்டும்தான்.

அதே நேரம், நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம்தான் அனுமதி. ஒரு பிளாக் 2022 முதல் 2025 வரை. அது 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. அதனால:

- ஒரு பயணம் கிளெய்ம் பண்ணிட்டீங்க, ஒண்ணு பாக்கின்னா, அவசரப்படாதீங்க. அந்த ஒண்ணை 2026-க்கு எடுத்துட்டுப் போகலாம். அந்த வருஷத்துக்குள் ஒரு பெரிய பயணத்துக்கு வெச்சுக்குங்க. 350 ரூபாய் பஸ் டிக்கெட்டுக்கு வீணாக்க வேண்டாம்.
- ரெண்டுமே பாக்கின்னா, ஒண்ணை மட்டும்தான் எடுத்துட்டுப் போக முடியும். இன்னொண்ணு காலாவதி. அப்போ 2025 தீபப் பயணத்தையே கிளெய்ம் பண்ணிடுங்க.
- ரெண்டும் முடிஞ்சதுன்னா, அடுத்தது 2026 – 2029 பிளாக்தான்.

மிச்சமாகிறது டிக்கெட் பணம் இல்ல, அதுக்கான வரி மட்டும்தான். குடும்பத்தோட மும்பையிலிருந்து வந்து 20,000 ரூபாய் டிக்கெட் செலவு, உங்க வரி 20 சதவீத அடுக்குன்னா, செஸ் சேர்த்து மிச்சம் 4,160 ரூபாய். போர்டிங் பாஸையும் பில்லையும் பத்திரமா வைங்க. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025-தான் நடைமுறை. பிரிவு எண்கள் மாறும். 2026 பயணத்தைக் கிளெய்ம் பண்றதுக்கு முன்னாடி உங்க ஹெச்ஆரிடம் படிவத்தையும் விதியையும் ஒரு தடவை கேட்டுக்குங்க.

டிக்கெட் போடும் முன் ஐந்து நிமிஷ வேலை

1. சம்பளத்தை 200-ஆல் வகுத்து உங்க மணி நேர விலையை எழுதுங்க.
2. வீட்டு வாசல் முதல் ஊர் வீட்டு வாசல் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் போடுங்க. ஃப்ளைட் நேரம் அதில் ஒரு வரிதான்.
3. டாக்ஸி, சீட், லக்கேஜ், கன்வீனியன்ஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து முழுச் செலவு போடுங்க.
4. கூடுதல் செலவு, உச்சவரம்புக்குள் இருந்தா வேகமான வழி. இல்லைன்னா மெதுவான வழி.
5. எல்டிஏ பிளாக்கில் எத்தனை பயணம் பாக்கின்னு ஹெச்ஆர் போர்ட்டலில் இன்னிக்கே பாருங்க.

பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறவங்களுக்கு விடை கிட்டத்தட்ட எப்பவும் பஸ்தான். தீபத்துக்காக அரசு பஸ்ஸில் டிக்கெட் விலை ஏறுறதில்ல. ஏறுறது ஃப்ளைட்டும் ஆம்னி பஸ்ஸும்தான். அதில் மிச்சமாகிற நாலாயிரத்தை அம்மா கையில் கொடுங்க, இல்லை உங்க எமர்ஜென்சி ஃபண்டில் போடுங்க. ரெண்டுமே நல்ல முதலீடுதான்.

இந்தக் கணக்கை எக்செல் ஷீட்டில் எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனலில் அடுத்த வீடியோவில் காட்டுறேன். பத்திரமா ஊர் போய்ச் சேருங்க. தீபத் திருநாள் வாழ்த்துகள்!